ஜின்னியின் முதுகு

அந்தச் சேணத்தைப் பற்றி மர்ரின்பாவில் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான் வரும். முதல் உலகப்போரில், பதினேழாம் வருஷம், கடலுக்கு அப்பால் பாலைவன ஊரான பீர்ஷேபாவுக்குள் குதிரைப்படை பாய்ந்து புகுந்தபோது கிளாரி டிரான்டர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். சண்டை ஓய்ந்து ஆள் ஊர் திரும்பினார், சேணமும் கூடவே திரும்பியது. குதிரை மட்டும் வரவில்லை. இந்த ஊரிலிருந்து கப்பலேறிப் போன குதிரைகளில் எதுதான் வந்தது?

கிளாரி கண்ணை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சேணம் அவருடைய ஒரே மகள் தெல்மாவின் வீட்டுக் கொட்டகையில், கோணிப்பை போர்த்தி, ஒரு மரக்கட்டைமேல் கிடந்தது. தெல்மாவுக்கே இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. புருஷன் ரெஜ் கோரி செம்மறி வளர்க்கிறவன். பிள்ளைகள் சிட்னிப் பக்கம் போய்ச் சேர்ந்தாயிற்று. வருஷத்தில் இரண்டு தடவை சேணத்துக்கு எண்ணெய் போடுவாள், மறுபடி போர்த்தி வைப்பாள். ஒருநாளும் யாரையும் அதில் ஏற விட்டதில்லை. அப்பா விட்டதில்லை, அதனால் அவளும் விடவில்லை.

இந்த வருஷம் ஊர்ப் படைவீரர் கிளப்புக்குப் புதுக் கூடம் கட்டினார்கள். வாசலுக்கு நேரே ஒரு கண்ணாடிப் பெட்டி. போரில் செத்தவர்களை ஊர்கூடி நினைக்கிற அன்ஸாக் நாளன்று திறப்புவிழா. அந்தப் பெட்டியில் கிளாரியின் சேணத்தைத்தான் வைக்க வேண்டும் என்று கிளப் காரியதரிசி லெஸ் கீட்டிங் வீட்டுக்கே வந்து கேட்டான். தெல்மாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. கொடுக்கிறேன் என்றாள், அவனுக்குப் பூசணி போட்ட ஸ்கோன் ரொட்டி சுட்டுப் போட்டாள், போகும்போது ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தாள். லெஸ் மறுவாரமே 'பீர்ஷேபா போய்வந்த சேணம்' என்று அழகாக ஒரு பலகை எழுதி வாங்கிவிட்டான். எதிலும் முந்திரிக்கொட்டைதான் அவன்.

பெட்டிக்குள் போகிற பொருள் பளபளவென்று இருக்க வேண்டாமா? தெல்மா பக்கவாட்டுத் தோலைத் தூக்கி, இத்தனை வருஷமாகத் துணி படாத மூலைகளையெல்லாம் துடைத்தாள். அங்கே எழுத்துகள் தெரிந்தன. அம்புக்குறி, ஏதோ எண்கள், தேய்ந்த முத்திரைகள். அப்பாவின் படைப்பிரிவு எண்ணாக இருக்கும், பலகையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ரெஜ் சிட்னிக்குக் கம்பளி ஏல விஷயமாகப் போகிறவனாக இருந்தான். அவளும் சேணத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சிட்னியில் பழைய படைச்சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சின்ன மியூசியம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவர் டிரேகாட் என்று ஒருவர், மெலிந்து உயர்ந்த மனிதர், நல்ல மாதிரி. சேணத்தை மேசைமேல் வைத்ததும் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி தடவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் பேச்சு குறைந்தது. தெல்மா மட்டும் பீர்ஷேபா, பீர்ஷேபா என்று பேசிக்கொண்டே போனாள்.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். மெல்பர்னில் செய்த சேணம், செய்த வருஷம் பதினெட்டு என்று விரலால் காட்டினார். பீர்ஷேபா நடந்தது பதினேழில். அது போதாதென்று, இன்னொரு குறியையும் காட்டினார். இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. ராணுவம் தனக்கு வேண்டாம் என்று வெளியே விற்ற சாமானுக்கு அடிக்கிற முத்திரை அது. சண்டை முடிந்ததும் கிடங்கில் தேங்கிப்போனதையெல்லாம் மலிவாகத் தள்ளினார்கள், விவசாயிகள் பாதிப்பேர் வாங்கினார்கள் என்றார். போனவர்கள் தங்கள் சேணத்தை அங்கேயே ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்களாம்.

"இது கடலையே பாத்ததில்லம்மா," என்றார் டிரேகாட். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார்.

இன்னொன்றும் சொன்னார். சேணத்துக்கு அடியில் குதிரை முதுகில் படுகிற கம்பளி மெத்தையை யாரோ பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள். இடது பக்கம் கனமாக அடைத்து, வலது பக்கம் ஒரு இடத்தைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். எந்தக் குதிரைக்கு இப்படி வேண்டும் என்று தனக்குத் தெரியவில்லை, இதைப் போட்டால் நல்ல குதிரைக்கு முதுகு புண்ணாகிப்போகும் என்றார். தெல்மா அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிற நிலையில் இல்லை. நன்றி சொல்லி, சேணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஊர் திரும்புகிற வழியெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரெஜ் இரண்டு மலை ஏறி இறங்குகிற வரைக்கும் பொறுத்தான். அப்புறம் என்னதான் ஆச்சு என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் சிரித்துவிட்டான்.

"உங்கப்பன் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுற ஆளு. அதுல பொய் சொல்ல அவருக்கு எங்க நேரம்?"

"வாயத் தொறந்து சொன்னாத்தான் பொய்யா? ஊரே சொல்லிச்சு. அவரு இல்லன்னு சொல்லலியே."

அதுதான் அவளைக் குடைந்தது. யோசித்து யோசித்துப் பார்த்தாலும் அப்பா தன் வாயால் பீர்ஷேபா சேணம் என்று சொன்னதாக ஞாபகமில்லை. ஆனால் அன்ஸாக் நாள்தோறும் நாலு பேர் வந்து சேணத்தைத் தட்டி, இது பார்த்ததை எவன் பார்த்தான் கிளாரி என்பார்கள். அப்பா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் குனிந்த தலையை அவள் அடக்கம் என்று நினைத்திருந்தாள். இப்போது அது வேறு மாதிரித் தெரிந்தது.

அதைவிடப் பெரிய முள் ஒன்று உண்டு. அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயசிருக்கும். அப்பா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்தச் சேணத்தை இழுத்துக்கொண்டு போய்த் தன் மட்டக்குதிரைமேல் கட்டி, மேய்ச்சல் வெளி முழுக்கச் சுற்றிவிட்டாள். குதிரை முதுகு தோல் உரிந்து புண்ணாயிற்று. அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. வாரை அவிழ்த்தார், குதிரை முதுகுக்கு மருந்து போட்டார், சேணத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். அதற்கப்புறம் பல நாள் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தும் பார்க்கவில்லை. என்னைவிட அந்தத் தோல்தான் அவருக்குப் பெரிசு என்று அன்றைக்கு அந்தப் பிள்ளை மனசில் விழுந்தது. பெரியவளானதும் சமாதானம் செய்துகொண்டாள். அது பீர்ஷேபா பார்த்த சேணமாயிற்றே, பெரிசாகத்தானே இருக்கும்!

இப்போது அந்தச் சமாதானமும் போயிற்று. கிடங்கில் தேங்கிய, யாருக்கும் வேண்டாத ஒரு ஏலச் சாமானுக்காகவா அப்பா தன்னைத் தள்ளி வைத்தார்? ஊரை ஏய்க்கிற ஒரு பொய் கலையக் கூடாதென்றா? செத்துப்போன மனுஷரை இப்படி நினைக்கிறோமே என்றும் இருந்தது, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவளுக்கு அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தது.

லெஸ்ஸிடம் போய்ச் சொன்னாள். அவன் அதெல்லாம் ஒன்றும் பெரிசில்லை, பலகை எழுதியாயிற்று, தோலைத் தூக்கி எவன் பார்க்கப்போகிறான் என்றான். நான் பார்ப்பேன் என்றாள் தெல்மா. ஊர்க் கண்காட்சியில் கேக் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து, சொந்த நாத்தனாரின் கேக்கையே இது கடையில் வாங்கினது என்று ஒதுக்கி வைத்தவள் அவள். லெஸ்ஸுக்கு அது தெரியும். உண்மை தெரிகிறவரைக்கும் பலகை வேண்டாம் என்பதற்கு அவன் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றான்.

உண்மை சொல்ல இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். வின்ஸ் நூனன். கிளாரியும் அவரும் ஒரே நாளில் பேர் கொடுத்து, தங்கள் சொந்தக் குதிரையோடு போய்ச் சேர்ந்தவர்கள். ஒரே கூடாரம், ஒரே தட்டு. திரும்பி வந்த பிறகு, கிளாரி செத்த நாள்வரை, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கிளாரி கடைத்தெருவில் வந்தால் நூனன் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். நூனன் பேரை யாராவது எடுத்தால் கிளாரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போவார். ஊருக்கு இது போதாதா? ஒரு பெண் விஷயம் என்றார்கள், சீட்டாட்டம் என்றார்கள், வேலி தகராறு என்றார்கள். இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் ஒரு ஆறே ஓடுகிறது, வேலி எங்கே வந்தது? கேட்கிறவன் இல்லை என்றால் எதையும் பேசலாம். கிளாரியை அடக்கம் செய்த அன்றும் நூனன் வரவில்லை.

அந்த மனிதரிடம் போய் அப்பாவைப் பற்றிக் கேட்பதென்றால் தெல்மாவுக்கு லேசில் மனசு வரவில்லை. உங்கப்பன் பீர்ஷேபா பக்கமே வரவில்லை, பின்னால் சாமான் வண்டிக்குக் காவல் இருந்தான் என்று சொல்லிவிட்டால்? பகையாளி வாயிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டு எப்படித் திரும்பி வருவது? ரெஜ் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். ஒரு பழக் கேக் சுட்டுத் துணியில் கட்டி, சேணத்தை வண்டிக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனாள்.

நூனன் எண்பதைத் தொடப்போகிறவர். பெண்டாட்டி போன பிறகு ஒரு கிழட்டு நாயோடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறார். அவள் போனபோது வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். குளிர் ஆரம்பித்திருந்தது. நாய் ஒரு தடவை குரைத்துப் பார்த்துவிட்டு, போதும் என்று படுத்துக்கொண்டது.

"யாரு?"

"தெல்மா கோரி. கிளாரி டிரான்டரோட மக."

அவர் கையிலிருந்த விறகை அடுக்கினார். இன்னொன்றை எடுத்து அதையும் அடுக்கினார். அப்புறம்தான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார், பார்த்த வேகத்தில் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"அவன் மாதிரியே நெத்தி," என்றார். "உள்ள வா. டீ போடறேன்."

சமையலறை மேசைமேல் கேக்கை வைத்தாள். அவர் கெண்டியை அடுப்பில் ஏற்றி, இரண்டு கோப்பையில் ஒன்றுக்குக் காது இல்லாததைப் பார்த்து அதைத் தனக்கு எடுத்துக்கொண்டார். தெல்மா சுற்றி வளைக்கத் தெரியாதவள். கண்ணாடிப் பெட்டி, முத்திரை, சிட்னி, எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லி முடித்தாள். அப்பா சேணத்தைக் கொண்டுவந்தார் என்று ஊர் நம்புகிற இடம் வந்ததும் நூனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத, இருமல் மாதிரி ஒரு சிரிப்பு.

"சேணத்தயா? எங்களுக்கு ஒரு லாடங்கூடக் குடுக்கல. அதையும் புடுங்கி எண்ணி வாங்கிக்கிட்டாங்க."

"மிஸ்டர் நூனன், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்கப்பா பீர்ஷேபாவுல இருந்தாரா, இல்லையா?"

நூனனுக்குக் கோபம் வந்தது. வயசான முகத்தில் அது பளிச்சென்று தெரிந்தது.

"இருந்தானாவா? எனக்கு எடது பக்கம், கை நீட்டுனா தொடுற தூரத்துல வந்தான். எவன் இல்லன்னு சொன்னான்?"

யாரும் சொல்லவில்லை என்று தெல்மா சொல்வதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதிப் பாரம் இறங்கிற்று. மீதிப் பாதி அப்படியே இருந்தது. அப்படியென்றால் இந்தச் சேணம் எதற்கு, உண்மையாகப் போய்வந்த மனுஷருக்கு இந்தப் பொய் எதற்கு என்று கேட்டாள். அந்தக் காலத்தில் எல்லோரும்தான் ஏலத்தில் எடுத்தார்கள், மலிவு, நல்ல தோல் என்றார் நூனன். கொண்டுவா பார்க்கலாம் என்றார்.

அவள் வண்டியிலிருந்து தூக்கி வந்தாள். மேசையில் கேக்கை நகர்த்திவிட்டுச் சேணத்தை வைத்தாள். நூனன் மேல்புறத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. வழக்கமான சேணம், இதில் என்ன இருக்கிறது என்பது போல் அதைக் கவிழ்த்தார். குதிரைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான் அது, சேணம் என்றால் முதலில் அடியைத்தான் தடவிப் பார்ப்பார்கள். உள்ளங்கையை மெத்தைமேல் வைத்து மெதுவாக ஓட்டினார். கை ஒரு இடத்தில் நின்றது. பின்னால் வந்தது, மறுபடி போயிற்று. அடுத்த பக்கத்தில் அந்தக் குடைவுக்குள் நாலு விரலும் போய் உட்கார்ந்தன.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தெல்மாவுக்குப் பயமாகிவிட்டது, நெஞ்சுவலியோ என்று எழுந்தாள்.

"உக்காரு," என்றார். "ஜின்னி."

"யாரு?"

"உங்கப்பன் குதிர. அவ முதுகு இது."

நூனனுக்குப் பேச்சு தானாக வந்தது. ஜின்னி செம்மண் நிறப் பெட்டைக் குதிரை, இந்த மலைப்பக்கத்துப் புல் தின்று வளர்ந்தது. காஸாவில் ஒரு ஷெல் துண்டு இடது தோள்மேட்டுக்குக் கீழே சதையைக் கிள்ளிக்கொண்டு போயிற்று. காயம் ஆறியது, ஆனால் அந்த இடம் குழிந்து போயிற்று. சேணம் ஒரு பக்கம் சரிய, வலது பக்கம் அழுந்தி ஒரு புடைப்பு எழும்பிற்று. மருத்துவ ஆள் வந்து பார்த்து, இது இனி ஆகாது, தள்ளிவிடலாம் என்றான். கிளாரி விடுவானா? தன் போர்வையையே வெட்டி, மடித்து, குழிக்கு எவ்வளவு, புடைப்புக்கு எவ்வளவு என்று கையாலேயே அளந்து தைத்துப் போட்டான். அதற்கப்புறம் ஜின்னிக்கு முதுகில் ஒரு கீறல் வரவில்லை. பீர்ஷேபாவுக்கு அந்தத் தையல்மேல்தான் போனான்.

"ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சேணம் வைக்கையில பாத்துருக்கேன். ஒரு நாள் அவன் காய்ச்சல்ல கெடந்தப்ப நானே வச்சிருக்கேன். இந்தக் கை மறக்குமா? எடது பக்கம் இவ்வளவு. இங்க இந்தப் பள்ளம். அவளேதான்."

தெல்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. இந்தச் சேணம் கடலைப் பார்க்காதது. ஜின்னி கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இதை எப்படி அதன் முதுகில் வைத்திருக்க முடியும்? பிறகுதான் அது மெல்ல உள்ளே இறங்கிற்று. ஊர் திரும்பி, ஏலத்தில் ஒரு வெற்றுச் சேணத்தை எடுத்து, கொட்டகைக்குள் உட்கார்ந்து, மெத்தையைப் பிரித்து, ஒரு குதிரையின் முதுகை ஞாபகத்திலிருந்தே தைத்திருக்கிறார் அப்பா. இனி எந்தக் குதிரைக்கும் பொருந்தாது என்று தெரிந்தே செய்திருக்கிறார். தன் மட்டக்குதிரையின் முதுகு ஏன் புண்ணாயிற்று என்று அவளுக்கு இப்போது புரிந்தது. அன்றைக்கு அப்பா ஏன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார் என்பதும் புரிந்தது. அழுத முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட முடியாமல்தான் அத்தனை நாளும் குனிந்தே சாப்பிட்டிருப்பார்.

"செத்துப்போச்சுன்னு அவருக்குத் தெரியுமா, இல்ல எங்கயாச்சும் உயிரோட இருக்கும்னு நெனச்சாரா?"

"தெரியும்," என்றார் நூனன். "சுட்டது நான்தான்."

கெண்டி கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே எழுந்து அதை இறக்கவில்லை.

திரிபோலிக்குப் பக்கத்தில் ஒலிவத் தோப்பில் முகாம் போட்டிருந்தார்களாம். சண்டை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று ஒரே கும்மாளம். அப்புறம் குதிரைகளை இனம் பிரித்தார்கள். வயசு குறைந்தது, திடமானது எல்லாம் இந்தியப் படைக்கு. கிழடும் காயம்பட்டதும் சுடுவதற்கு. கப்பலில் இடமில்லை, நோய் வரும், செலவு, என்னென்னவோ காரணம் சொன்னார்கள். ஜின்னி காயம்பட்டது. நூனனுடைய குதிரை பிஷப்புக்கு வயசாகிவிட்டது. எப்போதும் உபவாசம் இருப்பது மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பேர். சுடுவதற்குத் தனி ஆட்கள் இருந்தார்கள். முன்பின் தெரியாதவன் கையில் விடுவதற்கு இவர்களுக்கு மனசு வரவில்லை. நாங்களே செய்கிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கேட்டு வாங்கின பிறகு, கிளாரிக்குக் கை வரவில்லை. நூனனுக்கும் வரவில்லை.

"நான்தான் சொன்னேன். நீ என்னுதப் பாத்துக்க, நான் உன்னுதப் பாத்துக்கறேன்னு. சரின்னான். கயித்த மாத்திக்கிட்டோம். அவன் அந்தப் பக்கமாப் போனான், நான் இந்தப் பக்கமா வந்தேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எப்படிப் பாக்கறது? அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு பிஷப் தெரியுது. என் மூஞ்சியப் பாத்தா அவனுக்கு ஜின்னி தெரியும். கப்பல்ல அவன் முன்னால படுத்தான், நான் பின்னால படுத்தேன். ஊருக்கு வந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன். போகல."

சண்டை என்று ஊர் பேசிற்றே என்றாள் தெல்மா. நூனன் தலையை ஆட்டினார். சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது, அவனை மாதிரி ஒரு சிநேகிதன் தனக்கு முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை என்றார். அடக்கத்தன்று சட்டை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் வந்தாராம். அதற்கு மேல் கால் வரவில்லை, திரும்பிவிட்டார். தெல்மா எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தாள். அவர் அதைத் தள்ளிவிடவில்லை.

"ஜின்னிக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். "சட்டைப் பையில பிஸ்கோத்து வச்சிருப்பேன், அது அவளுக்குத் தெரியும். மோந்துக்கிட்டே வந்தா. எடுத்துக் குடுத்தேன், தின்னுக்கிட்டு இருந்தா. அவ்வளவுதான். உங்கப்பன் கேட்டுருந்தா இதச் சொல்லியிருப்பேன். அவன் கேக்கல. நானாப் போயிச் சொல்ல எனக்கு வாய் வரல. முப்பது வருஷத்துக்கு மேல ஆத்துக்கு அந்தப் பக்கந்தானே இருந்தான். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

தெல்மா அழுதாள். மறைக்கவில்லை. அப்பா ஏமாற்றுக்காரரோ என்று நினைத்ததற்கும், இத்தனை வருஷம் அவர்மேல் மனத்தாங்கலாக இருந்ததற்கும் சேர்த்து அழுதாள். அப்பா யாரையும் ஏய்க்கவில்லை. ஊர் தப்பாகச் சொன்னதைத் திருத்த வேண்டுமென்றால் ஜின்னியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும், அது அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். அவர்மேல் அவளுக்கு இப்போது ஏற்பட்ட பிரியம் அவர் இருந்த காலத்தில்கூட ஏற்பட்டதில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு லெஸ் வேறு ஏதாவது தேடிக்கொள்ளட்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். நூனனிடமும் சொன்னாள். நல்லது என்றார்.

கெண்டியை இறக்கி டீ ஊற்றினாள். கேக்கை வெட்டினாள். நூனன் ஒரு துண்டைக் கையில் எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று தெரிந்தது.

"உங்கப்பன் எப்பவாச்சும்... பிஷப்பப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

அப்பா எந்தக் குதிரையைப் பற்றியும் சொன்னதில்லை. பிஷப் என்ற பேரையே தெல்மா முதன்முதலாகக் கேட்டது இந்த மேசையில், சற்று முன்புதான். நூனன் அவளைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாரு," என்றாள் தெல்மா.

நூனன் நிமிர்ந்தார்.

"எங்கிட்ட ஒரே ஒரு தடவதான் சொன்னாரு. கஷ்டமே படலன்னாரு. மர நெழல்ல புல்லு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். அவரு கழுத்தக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாராம். வின்ஸ்தான்டா என்ன அனுப்புனான்னு அதுங் காதுல சொன்னாராம். அப்புறந்தான்."

"காதுலயா?" நூனன் நம்பாமல் பார்த்தார். "அது காதத் தொடவே விடாதே. என்னக்கூட விடாது."

"அன்னிக்கு விட்டுச்சாம். அவருக்கே ஆச்சரியமா இருந்துச்சாம்."

நூனன் கேக்கைத் தட்டில் வைத்தார். இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்தார். வெளியே நாய் எழுந்து சோம்பல் முறித்து மறுபடி படுத்தது.

"விட்டுச்சா," என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. பிறகு, "இன்னொரு தடவ சொல்லு பொண்ணே," என்றார்.

தெல்மா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள்.